வேதமுத்து, ஞா. (1974)

பல்கலைக்கழகத்தின் மேற்கு வாசலுக்கு எதிரே, ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, கெட்டி அட்டை போட்டுக் கொடுக்கும் பதினோரு கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் ஏழாவது கடை ஜெபக்கனியுடையது. தன் நாற்பத்து நான்கு வயதுக்குள் அவள் அறுநூறுக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளுக்குத் துணைநூற்பட்டியல் அடித்துக் கொடுத்திருந்தாள். எந்தப் பெயருக்குப் பின்னால் காற்புள்ளி வரும், எந்த ஆண்டை அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும், நூலின் பெயர் சாய்ந்து நிற்குமா நேராக நிற்குமா, ஊர் முதலா பதிப்பகம் முதலா என்பதெல்லாம் அவள் விரல்களுக்கே தெரியும் என்பதால், சந்தேகம் வந்தால் பேராசிரியர்களே ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைத் துறையில் ஒப்படைத்தாக வேண்டிய பொன்ரேகா என்ற பெண் அந்தக் கடைக்குள் ஓடிவந்தாள். ஐந்து வருஷமாக உப்பளத் தொழிலாளர்களின் பேச்சில் வழங்கும் சொற்களைச் சேகரித்தவள் அவள். அவளுடைய எண்பத்தாறாம் பக்கத்தில், 'உப்பு பூக்கும்போது பாத்தியில் மெல்லிய சத்தம் எழும். அதைத் தொழிலாளர்கள் முணங்கல் என்பர்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. மூன்றாம் இயல் முழுக்க அந்த முணங்கல் என்ற சொல்லின் மேல்தான் நின்றது. அந்த வாக்கியத்தைச் சுற்றி அவளுடைய நெறியாளர் தளவாய் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'ஆதாரம்?' என்று எழுதியிருந்தார்.

"யாரு சொன்னதுன்னு கேக்காரு அக்கா."

"யாரு சொன்னது?"

"உப்பாத்துமேட்டுல ஒரு அம்மா. ஆனா ஆளு சொன்னா செல்லாதாம். புத்தகத்துல இருக்கணுமாம்."

"புத்தகத்துல இல்லியா?"

"எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இருந்தா நான் எதுக்கு அஞ்சு வருஷம் அலையுதேன்?" பொன்ரேகா கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏதாவது ஒரு பேரைப் போட்டுருங்க அக்கா. யாரு போய்ப் பாக்கப் போறா."

ஜெபக்கனி ஒரு கணம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை வருஷம் மற்றவர்களின் பெயர்களை அடுக்கி அடுக்கிப் பழகிய விரல்கள் தாமாகவே ஒரு பெயரை அடித்தன. வேதமுத்து, ஞா. (1974). உப்பும் சொல்லும். தென்கரை: அலைவாய்ப் பதிப்பகம். பக். 112–118. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பட்டியலில் இருந்த உண்மையான பெயர்களைவிட அது உண்மையாகத் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிப் பேருந்திலிருந்து, வெள்ளை அரைக்கைச் சட்டையும் பழைய தோல் பையுமாக எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். தெருவின் ஒவ்வொரு கடைப் பலகையையும் நின்று படித்துவிட்டு ஏழாவது கடைக்குள் வந்து, "நான் ஞா. வேதமுத்து. என்னை இங்கேதான் எழுதினதாச் சொன்னாங்க" என்றார்.

ஜெபக்கனி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிழை எதுவும் தென்படவில்லை. "உக்காருங்க அண்ணாச்சி. டீ சொல்லுதேன்" என்றாள்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் பெயரும், எழுபத்து நான்கில் ஒரு புத்தகம் எழுதினார் என்பதும், அந்தப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கி நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் முடிகிற ஏதோ ஒன்றும்தான். அதற்கு முன்னால் இருந்த நூற்றுப் பதினோரு பக்கங்களிலும் என்ன இருந்தது, தான் எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், எப்போதாவது காய்ச்சலில் படுத்தாரா என்று எதுவும் அவருக்குத் தெரியாது. பேச ஆரம்பித்தாலே பாதியில் விட்ட பேச்சைத் தொடர்கிறவரைப் போலப் பேசினார். எதைக் கேட்டாலும் சற்று யோசித்துவிட்டு, "உப்பு பூக்கும்போது பாத்தியில் மெல்லிய சத்தம் எழும், அதைத் தொழிலாளர்கள் முணங்கல் என்பர்" என்றார். தோல் பைக்குள் ஒன்றுமில்லை.

தெரு அவரை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. பைண்டிங் கடை சவரிமுத்து தன் கடை மாடியில் அட்டைக்கட்டுகளை ஒதுக்கி அவருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். டீக்கடையில் அவருக்கென்று ஒரு கண்ணாடித் தம்ளர் தனியாக இருந்தது. பெயரின் முன்னால் இருக்கிற ஞா என்பது ஞானப்பிரகாசமா, ஞானசிகாமணியா, இல்லை ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஒருத்தரா என்று தெருவே இரண்டு கட்சியாகவும் பிறகு நான்கு கட்சியாகவும் பிரிந்து வாதாடியது. அவர் எல்லார் பேச்சையும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு, "எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதந்தான்" என்றார். ஏன் வந்தார், எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் கேட்டார்கள்.

ஏனென்றால் அதற்குள், மற்ற ஆய்வேடுகளில் இதேபோல் இட்டுக்கட்டி எழுதப்பட்டவர்களும் வர ஆரம்பித்திருந்தார்கள். வரலாற்றுத் துறையிலிருந்து இரண்டு பேர், கல்வியியல் துறையிலிருந்து ஒரே நாளில் ஒன்பது பேர், வணிகவியலிலிருந்து குளிருக்கு இறுக்கமாகக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர். அவருக்குப் பின்னால், பட்டியலில் 'மற்றும் பிறர்' என்று மட்டும் குறிக்கப்பட்ட காரணத்தால் பெயரே இல்லாத மூன்று பேர் இறங்கி, எங்கே போனாலும் ஒருவர் பின் ஒருவராகவே போனார்கள். ஓட்டலில் இலை போடுகிறவர் அவர்களை முதல் பிறர், நடுப் பிறர், கடைசிப் பிறர் என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். பல்கலைக்கழக நூலகர் வாசிப்பறையில் அவர்களுக்கென்று ஒரு நீள மேசை ஒதுக்கினார். தாங்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட புத்தகங்களைத் தேடி அவர்கள் தினமும் காலையில் அலமாரி அலமாரியாகப் பார்த்து, கிடைக்காமல், மத்தியானம் வேறு யாராவது எழுதியதை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார்கள். பதிவாளர் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி, வந்திருப்பவர்கள் விருந்தினர்களா பார்வையாளர்களா என்பது முடிவாகும்வரை அவர்கள் ஆசிரியர் உணவகத்தில் உட்காரக் கூடாது.

பிறகு ஒரு நாள், ஆராவமுதன் (1988) என்பவர் ஓட்டலில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தன் ஆய்வேட்டில் எழுதிவைத்திருந்த மாணவன் பயந்துபோய், விடுதியில் உட்கார்ந்து அந்த வரியை அழித்துவிட்டான். ஓட்டலில் நாற்காலி காலியாக இருந்தது. இலையில் பாதித் தோசை இருந்தது. சட்னியில் விரல் வைத்த தடம் இருந்தது. அன்றைக்கே ஜெபக்கனி தன் கம்ப்யூட்டரில் பொன்ரேகாவின் கோப்பைத் திறந்து, அந்த ஒரு வரி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். மறுநாளும் பார்த்தாள்.

பொன்ரேகாதான் அந்தத் தெருப் பக்கமே வராமல் இருந்தாள். எட்டாம் நாள் ஆய்வேட்டின் நகல் ஒன்று வாங்க வந்தவளை வேதமுத்து பார்த்துவிட்டார்.

"அம்மா, நீங்கதான் என்னை மேற்கோள் காட்டினவங்களா?"

அவள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். நான் உப்பைப் பத்தி எழுதியிருக்கேன். ஆனா உப்பளம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலை. அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னும் தெரியலை. ஒரு தடவை கூட்டிட்டுப் போவீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவள் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். அவர் குற்றால அருவியைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கேட்பது போலக் கேட்டார். பொன்ரேகா நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். "ஐயா, அதை நீங்க எழுதல. நீங்க எதையுமே எழுதல" என்றாள்.

"அது எனக்கும் கொஞ்சம் தோணுச்சு" என்றார் வேதமுத்து. "அப்ப யாரு சொன்னது?"

மறுநாள் ஜெபக்கனி கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு கிளம்பினாள். இரண்டு பேருந்து மாறி, கடைசி இரண்டு மைல் நடந்து அவர்கள் உப்பாற்றுமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வானத்தைப் பிடித்துவைத்திருந்தது. நடுவில் நீளக் கழியில் பொருத்திய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்த பிரம்மசக்தி, ஐம்பத்தெட்டு வயதில் நாற்பது வருஷத்தை அங்கேயே கழித்தவள், பொன்ரேகாவைப் பார்த்ததும் பலகையைச் சாய்த்துவைத்தாள்.

"ஏ பிள்ள, ரெண்டு வருஷம் முன்னால போன்ல எல்லாத்தையும் பிடிச்சிட்டுப் போனவதான நீ? படிச்சு முடிச்சிட்டியா?"

"இல்ல பெரியம்மா. ஒரு தப்பு நடந்துபோச்சு."

வேதமுத்து வரப்பின் மேல் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். உப்பு பூக்கும்போது பாத்தியில் மெல்லிய சத்தம் எழும். அதைத் தொழிலாளர்கள் முணங்கல் என்பர்.

பிரம்மசக்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது நான் சொன்னதுல்லா! ஆனா தப்பாச் சொல்லுதீய ஐயா."

"எங்க தப்பு?"

"உப்பு எங்க முணங்குது? உப்புக்கு என்ன கஷ்டம்? அது பேசாம வந்து உக்காருது. தண்ணில்லா முணங்குது, போக மனசில்லாம. நான் இவ கிட்ட அப்படித்தான் சொன்னேன். அன்னைக்கு நல்ல காத்து. அவ பாதியக் கேட்டிருப்பா."

பொன்ரேகா எழுதியிருந்ததோ வேறு. பொய்ப் பெயர் போட்டது ஒரு பக்கம் இருக்க, மூன்றாம் இயல் முழுவதும் உப்பு பேசுகிறது, உப்பு பிறக்கும்போது குரல் கொடுக்கிறது என்றே எழுதிவைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது திரும்பி வந்து இந்த அம்மாவிடம் படித்துக் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. இல்லாத மனிதர் ஒருவர் வந்து கூப்பிட்டபிறகுதான் வந்திருக்கிறாள்.

"கேக்கணுமா? இப்பவே கேளுங்க, காத்து இல்ல" என்று பிரம்மசக்தி ஒரு பாத்தியைக் காட்டினாள். வேதமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் முழங்காலிட்டு, காதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவருக்குப் பக்கத்தில் பொன்ரேகாவும், அவளுக்குப் பக்கத்தில், இத்தனை வருஷத்தில் ஒரு ஆய்வேட்டைக்கூடக் கடைக்கு வெளியே தொடர்ந்து போய்ப் பார்த்திராத ஜெபக்கனியும் குனிந்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, வெந்நீர் ஆறும்போது மூடிக்கடியில் கேட்கிற மாதிரி, அதைவிடவும் மெல்லிசாக, விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்டது. வேதமுத்து நிமிரவே இல்லை. யாரும் எழுதிக் கொடுக்காமல் அவர் அறிந்துகொண்ட முதல் விஷயம் அது.

திரும்பி வரும் பேருந்தில், "தங்கச்சி, அந்த வரியை மாத்திருங்க" என்றார்.

"மாத்துனா நீங்க?" என்றாள் ஜெபக்கனி.

"தெரியலை. மாத்திப் பாப்போமே."

"ஆராவமுதன் சார் இலையில பாதித் தோசை கெடந்துச்சு. நீங்களும் பாத்தீயல்லா?"

"பாத்தேன். ஆனா அந்த அம்மா வெயில்ல நின்னு கேட்டதை என் வாயில வச்சிருக்கு. அதுவும் தப்பா வச்சிருக்கு. அதைச் சுமந்துக்கிட்டு எத்தனை நாள் டீ குடிக்க?"

ஜெபக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை பொன்ரேகா நெறியாளர் தளவாயின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆய்வேடு இன்னும் வெளித்தேர்வாளருக்கு அனுப்பப்படாமல் அவருடைய அலமாரியில்தான் இருந்தது. அவர் நினைத்தால் அவளுடைய பதிவையே ரத்து செய்ய எழுதலாம். ஐந்து வருஷம் அத்தோடு முடிந்துவிடும். அவள் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தாள். தளவாய் ஜன்னல் வழியாகத் துறை வாசலைப் பார்த்தார். முந்தைய வாரத்திலிருந்து, முப்பது வருஷத்துக்கு முன் அவர் தன் ஆய்வேட்டில் தானே உருவாக்கி எழுதிய ஒரு அம்மையார், கையில் குடையோடு துறை வாசலில் வந்து உட்கார்ந்து, அவர் வரும்போதும் போகும்போதும் எழுந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆளு சொன்னா செல்லாதுன்னு நான்தான் சொன்னேன் இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"மூணாம் இயலைத் திரும்ப எழுது. நாலு மாசம் நீட்டிப்புக்கு நான் எழுதித் தரேன்." அலமாரியைத் திறந்து ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் வாசலைத் தாண்டும்போது, "அந்த அம்மா பேரைச் சரியா எழுது" என்றார்.

அவள் நான்கு மாதமும் உப்பாற்றுமேட்டுக்கும் ஊருக்குமாக அலைந்து, எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் பிரம்மசக்திக்குப் படித்துக் காட்டித் திருத்தினாள். முடித்துக் கொண்டுவந்த நாளில் ஏழாவது கடைக்கு முன்னால் தெருவே நின்றது. டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். நூலகத்திலிருந்து நீள மேசைக்காரர்கள் வந்தார்கள். பிறர் மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். வேதமுத்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பேச்சு மூலத்தை எந்த வடிவத்தில் எழுதுவது என்று ஜெபக்கனி யோசிப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பெழுத்துக்கு அப்பா பெயரா வீட்டுக்காரர் பெயரா என்று போனில் கேட்டபோது பிரம்மசக்தி, "எங்கம்மா பேரைப் போடு, மாரிக்கனி. அவதான் எனக்குச் சொன்னா" என்றாள்.

ஜெபக்கனி அடித்தாள். பிரம்மசக்தி, மா. நேர்காணல். உப்பாற்றுமேடு. நாள். பட்டியலில் இருந்த வேதமுத்துவின் பழைய வரியைத் தேர்ந்தெடுத்து நீலமாக்கிவிட்டு, விரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தாள்.

"அண்ணாச்சி, என்னால முடியல."

"நகருங்க" என்று வேதமுத்து தன் சுட்டுவிரலால் தானே அழுத்தினார்.

நாற்காலி மட்டும் இருந்தது. சவரிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. கடைக்குள் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சியபோது, "நன்றியுரை இன்னும் அடிக்கல" என்றாள் ஜெபக்கனி, அழுகையை மூக்கிலேயே உறிஞ்சிக்கொண்டு. எந்த ஆய்வேட்டிலும் கடைசியாக எழுதப்படுவது அதுதான். பொன்ரேகா தாளும் பேனாவும் எடுக்காமல் வாயாலேயே சொன்னாள், ஜெபக்கனி அடித்துக்கொண்டே போனாள். நெறியாளருக்கு, துறைத்தலைவருக்கு, பெற்றோருக்கு என்று வழக்கமாக வருகிறவர்களெல்லாம் வந்து முடிந்தபிறகு பொன்ரேகா கொஞ்சம் நிறுத்தி, "என்னை உப்பளத்துக்குத் திரும்ப அழைத்துப்போய், முழங்காலிட்டுக் கேட்கச் செய்த ஞா. வேதமுத்து ஐயாவுக்கு" என்றாள்.

ஜெபக்கனியின் விரல்கள் நின்றன. "இது உண்மைதான?"

"உண்மைதான் அக்கா. நீங்களும் கூட இருந்தீங்களே."

"இதுல ஆண்டு வேண்டாம். பக்கம் வேண்டாம்" என்று முணுமுணுத்தபடி ஜெபக்கனி முற்றுப்புள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை அவள் கடை திறக்க வந்தபோது சவரிமுத்துவின் மாடியிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. கீழே இறங்கி வந்தவருக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் தெரியவில்லை, பதிப்பகமும் தெரியவில்லை. அந்த ஒற்றை வாக்கியம் கேட்டாலும் அவர் வாயில் வரவில்லை. இரண்டு பேருந்து மாறியதும், மடித்துக் கட்டிய வேட்டி முழங்காலில் நனைந்ததும், தண்ணீருக்குப் பக்கத்தில் காதை வைத்ததும் நன்றாக நினைவிருந்தன. இனி வரும் நாட்களை யாரும் எழுத வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்த வாரமே கடைகளில் பட்டியல்களின் பொய் வரிகள் அழிந்தன, வந்தவர்களுக்கான நன்றியுரைகள் நீளமாகிக்கொண்டே போயின. மேசை எடுத்துக் கொடுத்தவருக்கு, பேருந்தில் இடம் கொடுத்தவருக்கு, படிக்கும்போது சத்தம் போடாமல் இருந்தவருக்கு என்று உண்மையில் நடந்ததையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார்கள். பிறர் மூவரிடமும்கூட அவரவருக்குப் பிடித்த பெயரைக் கேட்டு வாங்கி எழுதிவைத்தார்கள்.

வாய்மொழித் தேர்வு நடந்த அன்று கருத்தரங்கக் கூடத்தில் இடமில்லாமல் ஜன்னலோரமும் ஆட்கள் நின்றார்கள். வெளித்தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொன்ரேகா பதில் சொன்னாள், தெரியாதவற்றைத் தெரியாது என்றாள். இரண்டாம் வரிசையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த பிரம்மசக்தி இரண்டு இடத்தில் எழுந்து திருத்தினாள். தேர்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். முடிவில், வழக்கப்படி, அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்.

வேதமுத்து கையைத் தூக்கினார்.

"எனக்கு அந்த அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். போக மனசில்லாம முணங்கிக்கிட்டே போகுதே, அந்தத் தண்ணி எங்கம்மா போகுது?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரம்மசக்தி எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நன்றாக யோசித்தாள்.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றாள். "எங்க பக்கம் கேட்டுச் சொல்லுதேன். யாரு சொன்னாங்கன்னும் சேத்துச் சொல்லுதேன்."